பயற்றைக் காக்கும் வேம்பு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கு ஒரு பாடம்)

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் உள்ளது திருக்கோஷ்டியூர். ஸ்ரீ ஸௌம்யநாராயணப் பெருமாள் சந்நிதியினால் பிரசித்தி பெற்ற இவ்வூரின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது ஸ்ரீ ராமாநுஜருடைய வரலாறு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று அவர் ரகசியமாய்ப் பெற்ற உபதேசத்தை, யாவரும் பயனடையவேண்டுமென்று உயர ஏறி நின்று ஊரறிய வெளியிட்டார் என்பது ஐதிகம். நன்மை தரும் அறிவு ஒருவருடைய பெட்டியிலே பூட்டப்பட்டிருத்தல் தகாது என்பதே அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இந்தப் பாடம் மோக்ஷ விஷயத்துக்கு மட்டுமன்றி, களஞ்சிய விஷயத்துக்கும் பொருந்தும். செட்டிநாட்டுச் சீமையில் வேம்பு இல்லாத தெரு இல்லை. வசம்பு இல்லாத மருந்துப் பெட்டியும் அபூர்வம். பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டுவதும் வயது முதிர்ந்த ஸ்திரீகள் அறிந்த கைப்பாகங்களே. ஆயினும் ஒரு வீட்டார் அறிந்ததை அடுத்த வீட்டார் அறியார். அறிந்தவரும் அளவும் காலமும் தவறிச் செய்வதால் பலன் காணாமல் கைவிட்டுவிடுகின்றனர். ஆகவே இவ்விஷயத்தில் முன்னோர் அனுபவத்தையும் ஆராய்ச்சியாளர் கண்ட முடிவுகளையும் சேர்த்து எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நஷ்டம் எங்கே தொடங்குகிறது?

கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த நிலமும் கலந்த இப்பிரதேசத்தில், நெல் அறுத்த பின் நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு உளுந்து முதலிய பயறுகளை விளைவிப்பதும், மேட்டு நிலங்களில் துவரை, கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றை விதைப்பதும் வழக்கம். பயறு குடியானவனுக்கு மூவகையில் உதவுகிறது. ஒன்று, அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்தில் சேர்க்கின்றன. இரண்டு, எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதச் சத்துள்ளதாதலால் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய போஷணை. மூன்று, கொஞ்சம் இடத்தில் அடங்கி நல்ல விலை பெறும் சரக்கு அது.

இவ்வளவு அருமையான பொருளை அநேகர் களத்திலேயே விற்றுவிடுகின்றனர். கடன் நெருக்கடி ஒரு காரணம். மற்றொரு காரணம் வண்டு. “வைத்திருந்தால் வண்டு தின்றுவிடும், வந்த விலைக்குக் கொடுத்துவிடுவோம்” என்று எல்லோரும் ஒரே சமயத்தில் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். விலை இறங்குகிறது. சில மாதம் சென்றபின் அதே குடியானவன் வீட்டுச் செலவுக்குப் பருப்பும், நிலத்துக்கு விதையும் கூடுதல் விலைக்கு வாங்குகிறான். அதற்குக் கடனும் படுகிறான். வண்டு தின்ற பயறு சிறிது. வண்டுக்கு அஞ்சி விற்றதனால் இழந்த பணம் பெரிது.

கூட்டுறவு இயக்கம் இந்நாட்டில் தோன்றியதே குடியானவனைக் கடன் தொல்லையினின்று மீட்பதற்காக. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் சென்னை மாகாணத்துக் குடியானவர் கடனைப்பற்றி விசாரித்து 1895, 1897-ஆம் வருஷங்களில் அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திரூரில் இம்மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. இன்று சங்கங்கள் விளைபொருளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்கின்றன. விலை ஏறும் வரையில் சரக்கைக் கிடங்கில் வைத்து, அவசரச் செலவுக்குக் கடன் பெற இது நல்ல வழி. ஆனால் ஈடாக வைத்த பயற்றை வண்டு துளைத்துவிட்டால் அங்கத்தினருக்குச் சரக்கும் இல்லை. சங்கத்துக்கு ஈடும் இல்லை. ஆகையால் பயற்றைக் காத்தல் வீட்டுக் காரியமாக மட்டுமன்றிச் சங்கக் காரியமாகவும் ஆகின்றது.

2. சத்துருவின் சரித்திரம்

பயற்றைத் துளைக்கும் வண்டு பழுப்பு நிறமுள்ளது. ஓர் அங்குலத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே நீளமிருக்கும். வளர்ந்த வண்டு பயற்றைத் தின்பதே இல்லை. அது சுமார் ஒன்று அல்லது இரண்டு வாரமே உயிர் வாழும். அந்த அற்ப ஆயுளில் பெண் வண்டு நூறு வரையில் முட்டையிடும். முட்டைகளைப் பயற்றின் தோலின்மேல் பசையினால் ஒட்டிவைக்கும். பயற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தோன்றுபவை அவையே.

நாலைந்து நாளில் முட்டைக்குள்ளிருந்து வெளிப்படும் புழு, முட்டை ஒட்டியிருந்த இடத்தின் வழியாகவே பயற்றைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அதன்பின் அதை யாரும் காணமுடியாது. பருப்பைத் தின்று வளர்ந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறி, தோலில் வட்டமான துவாரம் செய்துகொண்டு வெளியேறும். முட்டை முதல் வண்டு வரையில் உஷ்ண காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். வெளியேறியவுடன் மறுபடி முட்டையிடத் தொடங்கும்.

இச்சரித்திரத்தில் அங்கத்தினர் மனத்தில் பதிக்கவேண்டிய அம்சங்கள் நான்கு.

முதலாவது: வண்டு கிடங்கிலே பிறப்பதென்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. முற்றிய காய்கள் செடியிலிருக்கும்போதே வண்டு பறந்துவந்து முட்டையிடுவதுண்டு. அறுவடையோடு கூடவே அது வீட்டுக்கு வருகிறது.

இரண்டாவது: துவாரம் கண்ணுக்குத் தெரிந்த பின் மருந்து தேடுவது, திருடன் போனபின் கதவைப் பூட்டுவதை ஒக்கும். காவல் செய்யவேண்டிய காலம் உலர்த்தி முடித்த அன்றே.

மூன்றாவது: முட்டையையும் வளர்ந்த வண்டையும் மேற்பூச்சினால் தடுக்கலாம். உள்ளே புகுந்த புழுவை மேற்பூச்சு அவ்வளவாகத் தொடாது. அதற்கு வெப்பம் அல்லது காற்றடைப்பு வேண்டும்.

நான்காவது: இவ்வண்டு முட்டையிட விரும்புவது தோலுள்ள முழுப்பயற்றையே. தோல் நீக்கி உடைத்த பருப்பை அது அவ்வளவாக நாடுவதில்லை. உணவுக்கு வைப்பதை உடைத்துப் பருப்பாக்கி வைக்கும் பழைய வழக்கத்தின் நியாயம் இதுவே.

3. ஒரு சிறு கணக்கு

ஒரு மூட்டை உளுந்தில் ஒரே ஒரு ஜோடி வண்டு புகுந்ததென்று வைத்துக்கொள்வோம். பெண் வண்டு எண்பது முட்டையிட்டு, பாதி மட்டும் பிழைப்பதாகக் கொண்டால் முதல் மாத முடிவில் வண்டுகள் நாற்பது. அவற்றில் இருபது பெண். அவை ஒவ்வொன்றும் எண்பது முட்டையிட்டுப் பாதி பிழைத்தால் இரண்டாம் மாத முடிவில் எண்ணூறு. அவ்வாறே மூன்றாம் மாத முடிவில் பதினாறாயிரம்.

ஒரு கிலோ உளுந்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் இருக்கும். மணிக்கு ஒரு வண்டு வீதம் பார்த்தால், ஒரு ஜோடியின் சந்ததி மூன்று மாதத்தில் முக்கால் கிலோ அளவு உளுந்தைத் துளைத்துவிடுகிறது. வயலிலிருந்து நூறு ஜோடி வந்திருந்தால் எழுபத்தைந்து கிலோ போயிற்று. இரண்டாம் மாதம் வரையில் மூட்டை நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்; மூன்றாம் மாதத்தில் திடீரென்று மாவாகக் கொட்டும். “நேற்று வரை நன்றாயிருந்தது” என்று குடியானவன் அங்கலாய்ப்பதன் காரணம் இந்தப் பெருக்கமே.

எடைக்குறைவு மட்டும் நஷ்டமன்று. துளைபட்ட பயற்றின் முளைப்புச் சக்தி குன்றும். வண்டுகளின் கழிவு கலந்த பயறு உணவுக்கும் உதவாது. சந்தையில் மதிப்பும் பெறாது. விதைக்கு வைத்த மூட்டை கெட்டால் அடுத்த போகமே வெளியாரிடம் கையேந்தும்படி ஆகும்.

4. எல்லா மருந்துக்கும் முன்னதான மருந்து: வெயில்

ஈரமான பயற்றுக்கு எம்மருந்தும் பயன்படாது. அறுவடையைத் தாமதிக்காமல் செய்து, களத்தில் தட்டித் தூற்றிச் சுளகினால் புடைத்து, உடைந்தவற்றையும் சுருங்கியவற்றையும் நீக்கவேண்டும். பிறகு பங்குனி, சித்திரை வெயிலில் பல நாள் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்கவேண்டும். எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் ஈரம் இராமல் உலர்த்துவது உத்தமம். கருவியில்லாதவர் பல்லால் கடித்துப் பார்க்கலாம்: நசுங்காமல் ‘கடக்’கென்று உடைந்தால் போதும். உலர்ந்த பயற்றைச் சூட்டோடு அடைத்தல் ஆகாது. நிழலில் ஆறவைத்த பின்பே அடைக்கவேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து ஈரங்கட்டும்.

உள்ளே புகுந்த புழுவையும் கொல்லக்கூடிய ஒரு வெயில் முறை உண்டு. கறுப்பு பாலிதீன் விரிப்பின்மேல் உலர்ந்த பயற்றை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே நிறமற்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து அழுத்தி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விடவேண்டும். உள்ளே வெப்பம் 57 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்ந்து ஒரு மணி நேரம் நிலைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றும் மடியும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் காமரூனிலும் தட்டைப்பயறு விளைவிக்கும் குடியானவர்களுக்காக ஆராய்ந்து பரப்பப்பட்ட முறை இது. செட்டிநாட்டு வெயிலுக்கு இது நன்கு ஏற்றது. விதைப்பயறானால் இதைச் செய்தபின் முளைப்புச் சோதனை செய்துகொள்ளவேண்டும்.

5. வேம்பின் பெருமை

வேம்பு பூச்சிகளை விலக்கும் என்பதை இந்நாட்டார் நெடுங்காலமாக அறிவர். உலகத்தார் அறிந்தது சமீபத்தில்தான். 1959-ஆம் வருஷத்தில் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிகள் பச்சையெல்லாம் தின்று, வேப்ப மரங்களை மட்டும் விட்டுச் சென்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கவனித்தார். 1962-ஆம் வருஷத்தில் டில்லியில் பிரதான் என்பவர் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரின்மேல் தெளித்து வெட்டுக்கிளிகளைத் தடுக்கலாமென்று காட்டினார். அதிலுள்ள முக்கியமான சத்தாகிய அஸாடிராக்டின் 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1985-இல்தான் ஐயமற நிச்சயமாயிற்று. கேம்பிரிட்ஜ் நகரத்து ரசாயன நிபுணர்கள் அதைச் சோதனைச்சாலையில் செய்து முடிக்க இருபத்திரண்டு வருஷம் உழைத்து 2007-இல் வெற்றி பெற்றனர். அத்தனை பேர் அவ்வளவு காலம் பாடுபட்டு ஆக்கிய பொருளை, தெருவோரத்து மரம் வருஷந்தோறும் ஆடி மாதத்தில் இலவசமாக உதிர்க்கின்றது. அதைக் கூட்டி எடுப்பாரே குறைவு.

இச்சத்து இலையைவிட வேப்பம்பருப்பிலேயே அதிகம். அது பூச்சிகளின் உணவு விருப்பத்தைக் கெடுக்கும். புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். முட்டையிடவரும் வண்டை விலக்கும்.

வேப்பமுத்துச் சேகரிப்பதில் கவனிக்கவேண்டியவை: ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிர்ந்தவற்றை அன்றன்றே பொறுக்கவேண்டும். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தவேண்டும். கடும் வெயில் மருந்துச் சத்தை அழிக்கும். உலர்ந்த முத்தைக் காற்றோட்டமுள்ள சாக்கில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சேகரித்து மூன்று மாதம் ஆனபின் உபயோகித்தல் நலம். எட்டு முதல் பத்து மாதத்துக்கு மேல் வைத்தால் வீரியம் குறையும். ஆடியில் சேர்த்தது பங்குனி, சித்திரையில் பயறு அறுக்கும் சமயத்துக்குச் சரியாக இருக்கும். முந்திய வருஷத்துப் பழைய முத்தை உபயோகித்துப் பலனில்லையென்று மரத்தை நிந்தித்தல் நியாயமன்று.

6. மூன்று முறைகள்

முதல் முறை: சாறு. இது சாக்குக்கும் கிடங்குக்கும் உரியது. ஒரு கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் தூளாக்கித் துணியில் முடிந்து, இரண்டு மூன்று லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவிடவேண்டும். காலையில் முடிச்சைப் பலமுறை பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து, மொத்தம் பத்து லிட்டராகும்படி நீர் சேர்க்கவேண்டும். பால் நிறமான இச்சாற்றில் காலிச் சாக்குகளைக் கால் மணி நேரம் நனைத்து நிழலில் நன்கு உலர்த்தி உபயோகிக்கவேண்டும். கிடங்கின் தரை, சுவர், மரச்சட்டம், குதிரின் இடுக்குகள் ஆகியவற்றிலும் தெளிக்கலாம். தெளித்த இடம் காய்ந்த பின்பே மூட்டையை அடுக்கவேண்டும். சாற்றை அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்துவிடவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாறு நல்லதென்று அதை உலர்ந்த பயற்றின்மேலேயே தெளித்துச் சாக்கில் கட்டுவோர் உண்டு. இது பெரும் பிழை. பல நாள் வெயிலில் போக்கிய ஈரத்தை ஒரு நாழிகையில் திரும்பக் கொடுப்பதாகும். பயறு பூஞ்சணம் பூத்துக் கெடும். சாறு சாக்குக்கு; எண்ணெயும் தூளும் பயற்றுக்கு. இதை மறத்தல் கூடாது.

இரண்டாம் முறை: எண்ணெய். விதைக்கு வைக்கும் பயற்றில் கிலோவுக்குப் பத்து மில்லி லிட்டர் வீதம், அதாவது நூறு கிலோவுக்கு ஒரு லிட்டர், வேப்பெண்ணெய் கலக்கலாம். உணவுக்கு வைக்கும் பயற்றுக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்; கிலோவுக்கு ஐந்து முதல் பத்து மில்லி லிட்டர் கடலையெண்ணெயோ விளக்கெண்ணெயோ போதும். எண்ணெய் முட்டையை மூடிக் காற்றோட்டத்தைத் தடுப்பதால் உள்ளேயுள்ள கரு மடிகிறது. வழவழப்பான தோலில் வண்டு புது முட்டையை ஒட்டுவதும் கடினம். கடலையெண்ணெயின் இக்குணம் 1978-ஆம் வருஷத்தில் நைஜீரியாவில் தட்டைப்பயற்றை வைத்துச் சோதித்து அறியப்பட்டது. பாட்டிமார் தடவிய விளக்கெண்ணெயின் தத்துவமும் இதுவே.

கலப்பதில் கை நிதானம் வேண்டும். பத்துக் கிலோவுக்கு மேற்படாமல் சிறு சிறு பாகமாக எடுத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு மணியும் மினுமினுக்கும் வரையில் பிசறி, நிழலில் ஆறவிட்டு அடைக்கவேண்டும். எண்ணெய் படாத மணியே வண்டுக்கு வாசல்.

மூன்றாம் முறை: தூள். நூறு கிலோ விதைப்பயற்றுக்கு மூன்று கிலோ வேப்பம்பருப்புத் தூள், அல்லது ஒரு கிலோ வசம்புத் தூள் கலந்து வைக்கலாம். ‘பேர் சொல்லாதது’ என்று குழந்தையுள்ள வீட்டில் வழங்கும் வசம்பின் கிழங்கு, வண்டைக் கொல்வதிலும் முட்டையைக் கெடுப்பதிலும் மிக்க வீரியமுள்ளது. உலர்ந்த நொச்சியிலை, புங்கிலை, வேப்பிலை இவற்றை அடுக்கடுக்காகப் போடுவது துணைக்காவலாகும். இலையை மட்டும் நம்பி இருத்தல் போதாது. பானையிலும் குதிரிலும் வைத்த பயற்றின் மேற்பரப்பில் ஓர் அங்குல கனம் உலர்ந்த மணலையோ சாம்பலையோ பரப்புவதும் நன்று. வண்டு அதை ஊடுருவி ஏறி இறங்க முடியாமல் திணறும். துவரைக்குச் செம்மண் குழைத்துப் பூசி உலர்த்தும் வழக்கமும் இவ்வகையானதே: முட்டை ஒட்டவேண்டிய தோலை மண் மறைத்துக்கொள்கிறது.

இவற்றோடு காற்றடைப்பும் சேர்ந்தால் காவல் பூரணமாகும். இறுக மூடும் தகரப் பீப்பாயில் வாய் வரையில் நிரப்பி மூடினால், உள்ளே அகப்பட்ட பூச்சிகள் அங்குள்ள பிராணவாயுவைத் தாமே சுவாசித்துத் தீர்த்துப் பெருக்கமற்றுப் போகும். இதே தத்துவத்தைக்கொண்டு, 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, காமரூன் குடியானவருக்காக மூன்றடுக்குப் பை ஏற்பட்டது. அது இன்று பல தேசங்களில் வழங்குகிறது. பீப்பாயோ பையோ அரைகுறையாக நிரப்பப்பட்டு அடிக்கடி திறக்கப்பட்டால் பலனில்லை.

7. மூலிகை என்பதால் முற்றும் தீங்கற்றதாகாது

“வேம்புதானே, உடம்புக்கு நல்லது” என்று அலக்ஷியமாக இருத்தல் தகாது. மலேசியாவில் சிறு குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதனால் ஈரலும் மூளையும் தாக்குண்டு கொடிய நோய் வந்ததை 1981-ஆம் வருஷத்தில் வைத்தியர்கள் வெளியிட்டனர். ஆதலால் வேப்பெண்ணெய் தடவிய விதை மூட்டைக்கு அடையாளமிட்டுத் தனியே வைக்கவேண்டும். வசம்பிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவந்ததால், அமெரிக்க சர்க்கார் 1968-ஆம் வருஷம் முதல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துள்ளது. ஆகவே வசம்புத் தூள் விதைக்கே உரியது. சமையலுக்கு வைத்த பயற்றில் கலத்தல் ஆகாது.

ரசாயன மருந்துகளைப்பற்றியும் சில வார்த்தை. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறியப்பட்டபோது, அதை ஸர்வ சஞ்சீவியாக உலகம் கொண்டாடியது. கண்டவருக்கு 1948-இல் நோபெல் பரிசும் கிடைத்தது. பின்னர் அதன் நஞ்சு உடற்கொழுப்பில் தங்குவது தெரிந்து, இந்தியாவில் விவசாயத்துக்கு அது விலக்கப்பட்டது. கிடங்குகளில் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை உள்ளேயுள்ள புழுவையும் கொல்லும். ஆனால் அதன் புகை மனிதரையும் கொல்லும். குடியிருக்கும் வீட்டில் அதை வைத்தல் பிராணாபாயம். பயிற்சி பெற்றோர் மட்டுமே, காற்றுப் புகாத மூடுதுணியின் கீழ், விதிப்படி கையாளவேண்டிய வஸ்து அது. மேலும் புகை அடங்கியபின் அது காவல் செய்வதில்லை. வெளியிலிருந்து வரும் புது வண்டு தாராளமாகக் குடியேறும்.

8. சங்கம் செய்யவேண்டியது

ஒரு கிடங்கில் பத்துப் பேருடைய மூட்டைகள் இருக்கின்றன. ஒன்பது பேர் முறையாக உலர்த்தி எண்ணெய் பிசறி வைக்கின்றனர். பத்தாமவர் அப்படியே கொண்டுவந்து போடுகிறார். அவர் மூட்டையில் பெருகும் வண்டு மற்ற ஒன்பது மூட்டையின்மேலும் பறந்து விழுகிறது. கிடங்கு முழுவதும் சாக்கு மாற்றிச் சுத்தம் செய்யும் செலவு எல்லோர் தலையிலும் விழுகிறது. கடனில் ஒருவர் தவணை தவறினால் சங்கம் முழுவதும் பாதிக்கப்படுவதைப் போன்றதே இது. இங்கும் கூட்டுப் பொறுப்பே பரிகாரம்.

ஆகவே சங்கக் கமிட்டியார் பின்வரும் ஏற்பாடுகளை ஆலோசிக்கலாம்.

(அ) ஆடி மாதத்தில் அங்கத்தினர் குடும்பத்து ஸ்திரீகளும் சிறுவர்களும் பொறுக்கிய வேப்பமுத்தைச் சங்கம் எடைக்கு எடை விலை கொடுத்து வாங்கி, நிழலில் உலர்த்திச் சேமித்து, பங்குனியில் தேவையானவர்களுக்குத் தூளாகக் கொடுக்கலாம். நிலமற்றவருக்கு இது ஒரு சிறு வரும்படியுமாகும்.

(ஆ) ஈட்டுக்குக் கொண்டுவரும் பயற்றை ஒரு கைப்பிடி எடுத்து, வெள்ளைப் புள்ளியும் துவாரமும் உண்டா என்று பார்த்து, ஈரத்தையும் சோதித்த பின்பே கிடங்கில் ஏற்றவேண்டும். குறையுள்ளதை நிராகரிப்பதைவிட, மறுபடி உலர்த்தி வெயில் முறை செய்து கொண்டுவரும்படி கற்பித்தல் நன்று.

(இ) மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி அடுக்கவேண்டும். பழைய சரக்கையும் புதிய சரக்கையும் கலந்து வைத்தல் கூடாது.

(ஈ) பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோதனை செய்து புஸ்தகத்தில் பதியவேண்டும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமைத்துள்ள துளைக்குழாய்ப் பொறியைப் பயற்றில் செருகி வைத்தால், அலையும் வண்டுகள் துளைகளின் வழியே உள்ளே விழுந்து அகப்படும். ஆரம்பத்திலேயே எச்சரிக்கை கிடைக்கும்.

(உ) விதை விநியோகத்துக்கு முன் நூறு மணிகளை ஈரச்சாக்கில் சுருட்டி முளைக்கவைத்து எண்ணவேண்டும். உளுந்தில் எழுபத்தைந்துக்குக் குறைவாக முளைத்தால் அது விதையாகாது.

சந்தேகங்களைத் தெளிந்துகொள்ள வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவ்வூர்ப் பெயர் தாங்கிய உளுந்து ரகங்கள் பல குடியானவர் கையில் உள்ளன. செட்டிநாட்டிலேயே மானாவாரி விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் உண்டு.

9. முடிவுரை

மேலே கூறியவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. வெயில் இலவசம், வேம்பு இலவசம், வேண்டியது காலந்தவறாத கவனமே. ஒரு மூட்டை உளுந்தை ஆறு மாதம் பழுதின்றி வைத்துக்கொள்ளக்கூடிய குடியானவன், வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டியதில்லை. விதைக்காகக் கடன் கேட்டு நிற்கவும் வேண்டியதில்லை. அவன் சுதந்திரத்தில் ஒரு பாகம் அந்த மூட்டைக்குள் கட்டப்பட்டிருக்கிறது.

இப்பாடத்தைப் படித்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் படிக்கத் தெரியாத இருவருக்காவது இதை வாசித்துக் காட்டுவாராக. மறைவிலிருந்த நல்லுபதேசம் ஊரறிய ஒலித்த ஊர் திருக்கோஷ்டியூர். களஞ்சியத்தைக் காக்கும் உபாயமும் அவ்வாறே ஒலிக்கட்டும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. பயற்று வண்டு முதன்முதலில் எவ்விடத்தில் முட்டையிடத் தொடங்குகிறது? அதனால் காவல் எப்பொழுது தொடங்கவேண்டும்?
2. வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயற்றின்மேல் ஏன் தெளிக்கலாகாது?
3. விதைக்கு வைத்த பயற்றுக்கும் உணவுக்கு வைத்த பயற்றுக்கும் உபயோகிக்கும் எண்ணெயில் பேதம் என்ன? காரணம் யாது?
4. எண்ணெய்ப் பூச்சு முட்டையைக் கெடுக்கிறது. உள்ளேயுள்ள புழுவுக்கு என்ன செய்யவேண்டும்?
5. நம் சங்கக் கிராமங்களில் எத்தனை வேப்ப மரங்கள் உள்ளன? சென்ற ஆடியில் உதிர்ந்த முத்து என்னவாயிற்று?
6. ஈட்டுக்கு வரும் பயற்றைச் சோதிக்கும் பொறுப்பைக் கமிட்டியில் யார் ஏற்பது?